முள்ளைச் சாய்ச்ச கை

எங்க வூட்டுக்காரரு பெரிய கோயிலுக்குப் போனா ஒரு செருப்பைக் கிழக்குக் கோபுரத்துக்கிட்ட வுடுவாரு, இன்னொண்ணைத் தெக்குக் கோபுரத்துக்கிட்ட போயி வுட்டுட்டு வருவாரு. ஒத்தச் செருப்பை எவனும் திருட மாட்டானாம். வெயில்ல ஒரு கால்ல மட்டும் செருப்போட நொண்டி நொண்டி மதிலைச் சுத்துற மனுசனைப் பாத்து பூ விக்கிற பொம்பளைங்க சிரிப்பாளுங்க. நான் நாலு எட்டு தள்ளி, யாரோ எவரோ மாதிரி நடந்து வருவேன்.

புருசன் பேரைச் சொல்லக் கூடாதும்பாங்க. எங்க ஊரு சாமிக்கே அந்தப் பேருதான், தெனம் சொல்லித்தான கும்புடுறோம். பழமலை. பீங்கான் கம்பெனியில எலக்ட்ரீசியன். கெட்டவரு இல்ல, அத மொதல்லயே சொல்லிடுறேன். குடி கெடையாது, சீட்டு கெடையாது, என்னைக் கை நீட்டி ஒரு அடி அடிச்சது கெடையாது. ஆனா சந்தேகம். பால்காரன் ஊத்திட்டுப் போனா பாலுல விரலை வுட்டுப் பாப்பாரு. கதவைப் பூட்டி இழுத்துப் பாத்துட்டு, தெருமுனை வரைக்கும் போயிட்டு, திரும்பி வந்து இன்னொரு தரம் இழுப்பாரு. அறுபத்தெட்டாம் வருசம் எனக்கும் அவருக்கும் கல்யாணம். தாலி கட்டின மஞ்சக் கயிறு ஈரம் காயல, எங்க அம்மா வூட்டுல போட்ட தோட்டை ஆசாரிக்கிட்ட எடுத்துட்டுப் போயி ஒரசிப் பாத்தவரு அவரு. தங்கம்தான்னு ஆசாரி சொன்னாரு. அந்த ஆசாரியையும் நம்பாம இன்னொரு ஆசாரிக்கிட்ட போனாரு. அந்தக் கோவம் எனக்கு இன்னும் அடங்கல.

எங்க அம்மா வூடு கம்மாபுரம் பக்கம். மானம் பாத்த நெலம், மழை பேஞ்சா உண்டு. என் தம்பி தங்கதுரை, தொரைன்னுதான் கூப்புடுவோம், எட்டாவதோட படிப்பை வுட்டுட்டு மாடு மேய்ச்சிக்கிட்டு இருந்தான். அவனை இட்டாந்து கம்பெனியில சேத்து வுடுங்கன்னு நான் நச்சரிச்ச நச்சரிப்புல, இவரு மேனேஜரு தர்மராஜ் சார்கிட்ட சொல்லி, பேட்டரி ரூம்புல வேலை வாங்கிக் குடுத்தாரு. நெழல் வேலை. எங்க வூட்டுலயே தங்கிக்கிட்டுப் போயிட்டு வந்தான். அதுக்கு நான் அவருக்கு ஆயுசுக்கும் கடமைப்பட்டிருக்கேன், அதையும் சொல்லிடுறேன்.

அந்த பேட்டரி ரூம்பு என்னான்னு தெரிஞ்சாத்தான் மத்தது புரியும். அப்பல்லாம் கரண்டு சொல்லாமக் கொள்ளாமப் போவும். சூளை எரியற நேரத்துல கூடம் இருட்டாயிட்டா ஆளுங்க சூட்டுல போயி வுழுந்துடுவாங்க. அதுக்காக பெரிய பெரிய பேட்டரிங்களை வரிசையா அடுக்கி வெச்சிருப்பாங்க. கரண்டு போனா சூளைக் கூடத்து வெளக்கும் அபாய மணியும் அதுலதான் ஓடும். சுவத்துல ஒரு மீட்டரு. நடுவுல சைபரு. பேட்டரிக்குள்ள கரண்டு ஏறினா முள்ளு வலப்பக்கம் போவும், பேட்டரியிலேர்ந்து வெளிய போனா இடப்பக்கம் சாயும். எதுவும் ஓடலன்னா முள்ளு நட்ட நடுவுல நிக்கணும். தண்ணி ஊத்தி, துரு தொடைச்சு, அந்த பேட்டரிங்களைப் பாத்துக்கிறது தொரை வேலை. காலையில கதவைத் தொறந்து மீட்டரைப் பாக்குறது இவரு வேலை. சாவி இவரு அரைஞாண் கயித்துலதான் தொங்கும். குளிக்கிறப்பயும் அவுக்க மாட்டாரு.

இன்னொண்ணு. பீங்கான் கம்பெனியில வேலை செய்யிறவங்க எதையும் தொடைக்காமப் பாக்க மாட்டாங்க. அங்க வெள்ளை மண்ணு தூசி அப்படி. பெஞ்சுல ஒக்காரணும்னா ஒரு தட்டு, டீ கிளாசை வாங்கினா ஒரு தொடை, பஸ்ஸுல ஏறினா சீட்டை ஒரு தொடை. எங்க வூட்டுக்குப் பந்திக்கு வந்தவங்கள்ல எவன் பீங்கான் கம்பெனின்னு எலைய வெச்சே சொல்லிடலாம், தண்ணி தெளிக்கறதுக்கு முன்னாடியே கை தொடைக்கப் போயிடும்.

தொரை மொதச் சம்பளம் வாங்கினப்ப எனக்கு ரவிக்கைத் துணியும் மாமாவுக்கு டெரிலின் சட்டைத் துணியும் வாங்கிட்டு வந்தான். டெரிலின்னா அப்ப பெரிய விசயம். இவரு துணிய வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, நூலை உருவி, நெருப்புல காட்டி, டெரிலின்தான்னு உறுதி பண்ணிக்கிட்டு அப்பறம்தான் சிரிச்சாரு. தையக்காரன் வெட்டினது போக மிச்சம் இருந்த துண்டையும் வுடல, கேட்டு வாங்கியாந்துட்டாரு. நான்தான் ஓரம் அடிச்சு கைக்குட்டையாக் குடுத்தேன். மடிச்சு மேல் பாக்கெட்டுல வெச்சுக்கிட்டாரு. மூக்கு சிந்த மாட்டாரு, வேர்வை தொடைக்க மாட்டாரு. மூக்குக் கண்ணாடிக்கும் மீட்டருக்கும் மட்டும்தான்.

எழுபத்திமூணோ நாலோ, மாசி கழிஞ்சு வெயில் ஏற ஆரம்பிச்ச நேரம். ரூம்புல சாத்தி வெச்சிருந்த ஏணி சரிஞ்சு மீட்டரு கண்ணாடி ஒடஞ்சு போச்சு. அதே அளவு கண்ணாடி கெடைக்கல. இவரே ரேடியோ கடையில பிளாஸ்டிக் தகடு வாங்கி, வட்டமா வெட்டி ஒட்டினாரு. கண்ணாடி மாதிரியே பளிச்சுன்னு இருந்துதாம். ரெண்டு நாளைக்கு அதைப் பத்தியே பேசிக்கிட்டு இருந்தாரு.

அந்த வாரத்துலதான் முள்ளு சாய ஆரம்பிச்சுது.

ஒரு காலையில கதவைத் தொறந்து, மீட்டரைத் தொடைச்சுப் பாத்தா, முள்ளு இடப்பக்கம் சாஞ்சி நிக்குது. வெளக்கு எரியல, மணி அடிக்கல. அப்ப பேட்டரியிலேர்ந்து கரண்டு எங்க போவுது. இவருக்கு மூக்கு வேர்த்துடுச்சு. ஓடிப் போயி மேனேஜரைக் கூட்டியாந்தாரு. தர்மராஜ் சாருக்குக் கிட்டப் பார்வை. கண்ணாடியத் தூக்கி நெத்தியில வெச்சுக்கிட்டு, மூக்கு மீட்டருல இடிக்கிற மாதிரி குனிஞ்சு பாத்தாரு. முள்ளு நடுவுல நிக்குது. "நேராத்தானேய்யா இருக்குது"ன்னுட்டுப் போயிட்டாரு.

வேற ஒருத்தரா இருந்தா நம்ம கண்ணுதான் தப்புன்னு வுட்டுருப்பாங்க. எங்க வூட்டுக்காரரு என்னா நெனச்சாருன்னா, நான் மேனேஜரைக் கூப்பிடப் போறதை எவனோ பாத்துட்டு ஒயரைப் புடுங்கிட்டான்.

மறுநாளும் சாஞ்சிருந்துச்சு. அதுக்கு அடுத்த நாளும். இவரு ஃபியூசைக் கழட்டிப் பாத்தாரு, அப்பவும் சாயுது. சூளைக் கூடத்துக்குப் போற ஒயரைக் கழட்டினாரு, அப்பவும் சாயுது. பேட்டரி மேல ஆசிட்டு கசிஞ்சு அது வழியா ஒழுவுதோன்னு சோடா உப்புத் தண்ணி ஊத்திக் கழுவச் சொன்னாரு. கழுவினதுக்கப்பறமும் சாயுது. அப்ப கூடத்துக்குப் போற ஒயர்ல இல்ல, நடுவுலயே எவனோ கொக்கி போட்டு எடுக்கிறான்னு முடிவு பண்ணிட்டாரு. அப்ப ஊருல கட்சிக் கூட்டத்துக்கு மேல கூட்டம். மைக்செட்டுக் கடைக்காரங்க பேட்டரி சார்ஜுக்கு அலைவாங்க. கம்பெனி பேட்டரியிலேர்ந்து சுருட்டி மைக்செட்டு பேட்டரிக்கு ஏத்துறாங்கன்னு இவருக்குத் தோணிப் போச்சு.

மொதல்ல வாட்ச்மேன் பச்சமுத்து மேல சந்தேகம். அந்த ஆளு நல்ல காலம், அந்த வாரம் காய்ச்சல்னு வூட்டுல படுத்திருந்தான். அடுத்து யாரு. தொரை.

ஏன்னா தொரை பாக்குறப்ப முள்ளு சாயாது. அவன் ஆசிட்டுக்கும் தண்ணிக்கும் நடுவுல நிக்கிறவன், கையில எப்பவும் ஈரத்துணி இருக்கும். அதால ஒரு தொடை தொடைச்சுட்டு, "நேரா இருக்குது மாமா"ம்பான். இவரு கொஞ்ச நேரம் கழிச்சு வந்து தொடைச்சா சாஞ்சிருக்கும். நீ வந்தா நேரா நிக்குது, நான் வந்தா சாயுது, அப்ப உனக்கு ஏதோ தெரியுதுன்னு கணக்குப் போட்டாரு. அதுக்குத் தோதா, பஸ் ஸ்டாண்டு டீக்கடையில தொரை மைக்செட்டுக்காரனோட நின்னு டீ குடிச்சதை இவரே பாத்துட்டாரு.

அன்னைக்கு வூட்டுல கேட்டாரு. நான் அடுப்புக்கிட்ட இருந்தேன்.

"தொரை, நான் இல்லாதப்ப ரூம்பு சாவிய யாருக்காவது குடுத்தியா?"

"சாவி எப்ப மாமா என்கிட்ட இருந்துச்சு? உங்க இடுப்புலதான இருக்குது."

"அதான் கேக்குறேன். அப்பறம் எப்படி உள்ள போறாங்க?"

"யாரு?"

"அத நீதான் சொல்லணும்."

தொரை எழுந்து கை கழுவிட்டு, "போயிட்டு வரேன்க்கா"ன்னு சொல்லிட்டுப் போனான். அவன் பாதிச் சோத்துல எழுந்து அன்னைக்குத்தான் நான் பாத்தேன்.

இவரு மேனேஜருகிட்ட போயி சொல்லிட்டாரு. தர்மராஜ் சாரு அவசரப்படுற ஆளு இல்ல. "கண்ணால பாக்காத வரைக்கும் திருட்டுன்னு எழுத மாட்டேன். ஆனா நீயே உன் மச்சான் மேல சொல்லும்போது நான் என்னா பண்றது? மாசக் கடைசி வரைக்கும் பையன் வர வேணாம். அதுக்குள்ள கண்டுபுடி. இல்லன்னா கணக்கு முடிச்சு அனுப்பிடுறேன்"னாராம்.

எங்க ஊருல ஒரு கம்பெனியில திருட்டுப் பேரு வந்தா இன்னொரு கம்பெனி வாசல்ல நிக்க முடியாது. வாட்ச்மேனுங்க எல்லாரும் ஒரே டீக்கடையிலதான் டீ குடிக்கிறாங்க. அந்த வேலை போச்சுன்னா தொரை திரும்ப மாடு மேய்க்கத்தான் போவணும், அதுவும் திருடன்னு பேரோட. அம்மா மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன். நான் அழுதேன், கரிச்சுக் கொட்டினேன், பட்டினி கெடந்தேன். எதுக்கும் அந்த மனுசன் அசையல. "உன் தம்பின்னா என்னா, முள்ளுக்குத் தெரியுமா அது?"ன்னாரு.

தொரை வேலைக்குப் போவல. அவன் பாட்டுக்கு எங்க கைக்கொழந்தைக்குத் தூளி ஆட்டிக்கிட்டு, வூட்டு வாசல்ல ஒக்காந்திருந்தான். முள்ளு மட்டும் சாஞ்சிக்கிட்டே இருந்துச்சு.

அப்பவாவது புத்தி வரணுமா இல்லையா. வரல. தொரை கள்ளச்சாவி போட்டுட்டான்னாரு. புதுப் பூட்டு வாங்கியாந்தாரு, கடைக்காரன் சாவி எடுத்து வெச்சிருப்பான்னு அதையும் மாத்தி இன்னொரு கடையில வாங்கினாரு. புதுப் பூட்டு போட்ட மறுநாளும் சாஞ்சிருந்துச்சு. வூட்டுக்கு வந்து ஒக்காந்தாரு. என்னையே பாத்துக்கிட்டு இருந்தாரு. நான் கொழம்பு ஊத்திக்கிட்டு இருந்தேன்.

"சொர்ணம்."

"என்னாங்க."

"நான் தூங்குறப்ப சாவி இடுப்புலதான் இருக்குது, இல்ல?"

"ஆமா."

"நீ எடுக்கலியே?"

கையில இருந்த கரண்டியக் கீழ வெச்சேன். வெச்சது அவருக்கு நல்லதாப் போச்சு. "ஏங்க, என் தோட்டை ஒரசிப் பாத்தீங்க, பொறுத்துக்கிட்டேன். என் தம்பியத் திருடன்னீங்க, அழுதுட்டுக் கெடக்குறேன். இப்ப நான் உங்க அரைஞாண் கயித்துலேர்ந்து சாவியத் திருடி, நடந்து போயி, பேட்டரியில கொக்கி போட்டுட்டு வந்து படுத்துக்கிறேனா? கொக்கி எப்படிப் போடறதுன்னாவது சொல்லிக் குடுங்க, எனக்குத் தெரியாது"ன்னு கத்தினேன். பக்கத்து வூட்டுல எட்டிப் பாத்தாங்க. பாக்கட்டும்னு இன்னும் சத்தமாக் கத்தினேன்.

அவரு சட்டையப் போட்டுக்கிட்டு வெளிய போனாரு. வரும்போது நெத்தி நெறைய விபூதி. மணவாளநல்லூரு கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போயிட்டு வந்திருக்காரு. எங்க பக்கத்துல கோர்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி அங்கதான் போவாங்க. நமக்குத் தப்பு பண்ணினவன் மேல காயிதத்துல பிராது எழுதி, சாமி முன்னாடி வெச்சு, அங்க இருக்கிற முனியப்பர் வேல்ல கட்டிட்டு வந்துடணும். அப்பறம் அது சாமி பொறுப்பு. தீர்ந்து போச்சுன்னா திரும்பப் போயி ராஜினாமா குடுத்து பிராதை எடுத்துக்கணும். பொய்ப் பிராது கட்ட எவனுக்கும் தைரியம் வராது.

"யாரு மேல கட்டினீங்க?"ன்னேன். தொரை தூளி ஆட்டுறதை நிறுத்திட்டான்.

"பேரு எழுதல. எவன் கை அந்த முள்ளைச் சாய்க்குதோ அந்தக் கை வெளங்காமப் போவணும்னு எழுதியிருக்கேன்."

தொரை மெதுவா, "நல்லது பண்ணீங்க மாமா"ன்னான்.

மாசக் கடைசி நெருங்கிக்கிட்டு இருந்துச்சு. ஒரு லீவு நாளு, கம்பெனியில யாரும் இல்ல. இவரு மட்டும் காலையிலயே போயிட்டாரு. எனக்கு உள்ளுக்குள்ள பொங்கிக்கிட்டே இருந்துச்சு. அது என்னா முள்ளு, எங்க குடும்பத்தையே ஆட்டுற முள்ளு, ஒரு நாளாவது கண்ணால பாத்துடறதுன்னு கொழந்தைய தொரைகிட்ட குடுத்துட்டுக் கெளம்பினேன். புருசனுக்குச் சோறு எடுத்துட்டுப் போவல. சண்டை போடத்தான் போனேன். கேட்டுல பச்சமுத்து என் மூஞ்சியப் பாத்துட்டு, ஒண்ணும் கேக்காம உள்ள வுட்டான்.

ரூம்புல ஒயருங்க எல்லாம் கழண்டு தரையில கெடக்குது. இவரு வேர்த்து விறுவிறுத்து நிக்கிறாரு. சுவத்துலேர்ந்து மீட்டரைக் கழட்டி மேசை மேல நிறுத்தி வெச்சிருக்காரு. அதுல ஒரு ஒயரும் இல்ல.

"சொர்ணம், வந்தியா, நீயே சாட்சி. ஒண்ணொண்ணாக் கழட்டிட்டேன். இதுக்குள்ள கரண்டு வர்றதுக்கு வழியே கெடையாது. இப்ப எவன் வந்து சாய்க்கிறான்னு பாக்கலாம்."

நான் குனிஞ்சு பாத்தேன். தூசி படிஞ்சிருந்துச்சு, ஆனா உள்ள முள்ளு தெரிஞ்சுது. "நேராத்தான இருக்குது"ன்னேன்.

"தூசியில உனக்கு என்னா தெரியும், இரு"ன்னு மேல் பாக்கெட்டுலேர்ந்து கைக்குட்டைய எடுத்து, வரட்டு வரட்டுன்னு நல்லாத் தொடைச்சாரு. முள்ளு இடப்பக்கம் சாஞ்சுது.

"பாத்தியா?"ன்னு சொன்னவரு அப்படியே நின்னுட்டாரு. ஒயரு இல்ல. பேட்டரி இல்ல. முள்ளு சாஞ்சி நிக்குது.

"நீங்க தொடைக்கறதுக்கு முன்னாடி நேரா இருந்துச்சுங்க."

"உனக்குச் சரியாத் தெரிஞ்சிருக்காது."

"எனக்கு என்னா கண்ணு அவிஞ்சா போச்சு? பாத்தேன். நேரா இருந்துச்சு. நீங்க தொடைச்சீங்க, சாஞ்சுது." எனக்கு வந்த கோவத்துல மீட்டருக்கிட்ட மூஞ்சிய வெச்சுக்கிட்டுத்தான் பேசினேன், என் மூச்சு பட்டு அந்த பிளாஸ்டிக்கே பூத்துப் போச்சு. நாங்க பாத்துக்கிட்டு இருக்கும்போதே முள்ளு மெதுவா நடுவுக்கு வந்து நின்னுச்சு.

இவரு கைக்குட்டையால மறுபடி தொடைச்சாரு. சாஞ்சுது. நான் ஹான்னு ஊதினேன். நேரா வந்துச்சு. தொடைச்சாரு. சாஞ்சுது. கிறுக்குப் புடிச்சவங்க மாதிரி ரெண்டு பேரும் இதையே பண்ணிக்கிட்டு இருந்தோம். அந்த டெரிலின் சட்டையக் கழட்டினா சடசடன்னு பொரியும், கை முடியெல்லாம் நட்டுக்கிட்டு நிக்கும், அது எனக்குத் தொவைக்கிறப்பவே தெரியும். அந்தச் சனியன்தான் இதுன்னு எனக்குப் பட்டுச்சு. மேனேஜரு பாத்தப்ப அவரு மூச்சு ஈரம் பட்டுத்தான் முள்ளு நேரா நின்னுதுன்னும், தொரை பாத்தப்ப ஈரத்துணி பட்டு நின்னுதுன்னும் அப்பறம்தான் புரிஞ்சுது. தொடைச்சிட்டுப் பாக்குற ஊருல, தொடைக்காமப் பாத்தது நான் ஒருத்திதான்.

என் தம்பி திருடல. அந்த நிமிசம் எனக்கு இருந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது. திரும்பி இவரைப் பாத்தேன். அவரு மீட்டரைப் பாக்கல, தன் வலது கையப் பாத்துக்கிட்டு இருந்தாரு. மூஞ்சி வெளுத்துப் போயிருந்துச்சு.

"சொர்ணம், பிராது."

எவன் கை முள்ளைச் சாய்க்குதோ அந்தக் கை. எத்தனை கோவம் இருந்தாலும் அது என் புருசன் கை, எங்களுக்குச் சோறு போடுற கை. அவரு செருப்பைக் கூட மாட்டாம, "இப்பவே மணவாளநல்லூரு போயி ராஜினாமா குடுத்துட்டு வந்துடறேன்"னு கெளம்பினாரு. நான் வாசப்படியில குறுக்க நின்னுக்கிட்டேன்.

"மொதல்ல என் தம்பி. அப்பறம்தான் உங்க கை."

மறுநாள் தர்மராஜ் சாருக்குச் செஞ்சு காட்டினாரு. சாரு வுழுந்து வுழுந்து சிரிச்சாராம். சீப்பால தலைய வாரிட்டுக் காயிதத் துண்டுக்கிட்ட கொண்டு போனா இழுக்குமே, அதே கதைதான், பிளாஸ்டிக் தகட்டை டெரிலினால தேச்சா முள்ளை இழுக்குதுன்னாராம். "பையனை வரச் சொல்லு. மீட்டரு ரிப்பேரு, சரி பண்ணியாச்சுன்னு சொல்லிடலாம். உன் கைக்குட்டைக் கதை வெளிய தெரிய வேணாம்"னாராம். இவருக்கும் அது வசதியாத்தான் பட்டிருக்கும், வேற எப்படிப் படும்.

தொரை வந்து கேட்டுக்கு வெளியவே நின்னுட்டான், உள்ள வரல. "மீட்டரு ரிப்பேருன்னு சொன்னா, தொரை தப்பிச்சிட்டான்னுதான் பேசுவாங்க மாமா. தொரை திருடலன்னு பேச மாட்டாங்க"ன்னு மட்டும் சொல்லியிருக்கான். குரலை ஒசத்தலயாம். இதெல்லாம் பச்சமுத்து எனக்குச் சொன்னது, அந்த ஆளுக்குப் பொய் சொல்ல வராது.

எங்க வூட்டுக்காரரு உள்ள போயி மீட்டரைத் தூக்கிட்டு வந்து, சங்கு ஊதி ஷிப்டு மாறுற நேரத்துல, கேட்டுக்கிட்ட ஸ்டூலு மேல வெச்சாராம். ஆம்பளை பொம்பளை அத்தனை பேரும் கூடிட்டாங்க. பாக்கெட்டுலேர்ந்து கைக்குட்டைய எடுத்து, தொடைச்சு, முள்ளைக் காட்டி, "இதச் சாய்ச்சது என் கை. தொரை கை இல்ல. நான்தான் அவன் மேல பழி போட்டேன்"னு சொன்னாராம். பின்னால நின்னவங்களுக்குக் கேக்கலன்னதும் இன்னொரு தரம் சொன்னாராம். ஆளாளுக்கு வாங்கித் தொடைச்சுப் பாத்து சிரிச்சிருக்காங்க. அதுலேர்ந்து அவரு ரிட்டேரு ஆவற வரைக்கும் கம்பெனியில அவருக்குக் கைக்குட்டைன்னுதான் பேரு. தொரை அன்னைக்கே வேலைக்குப் போயிட்டான்.

அடுத்து வந்த லீவு நாள்ல கொழந்தையப் பக்கத்து வூட்டுல வுட்டுட்டு மூணு பேருமா மணவாளநல்லூரு போனோம். தொரை வருவான்னு நான் நெனைக்கல. அவனே சட்டையப் போட்டுக்கிட்டு வந்து நின்னான். கோயிலு வாசல்ல எங்க வூட்டுக்காரரு ஒரு செருப்பைக் கழட்டிட்டு, இன்னொண்ணு வுடறதுக்கு இடம் தேடிச் சுத்தும் முத்தும் பாத்தாரு. தொரை தன் செருப்பை ஜோடியாக் கழட்டி வுட்டான். இவரு கொஞ்சம் தயங்கினாரு. அப்பறம் ரெண்டு செருப்பையும் ஒண்ணாக் கழட்டி, அவன் செருப்புக்குப் பக்கத்துல வுட்டாரு. கல்யாணமாகி வந்த நாளா அவரு செருப்பை ஜோடியா வாசல்ல பாத்தது அன்னைக்குத்தான்.

"ராஜினாமாவா? எதிராளி கெடச்சானா?"ன்னு பூசாரி கேட்டாரு.

"கெடச்சிட்டான் சாமி."

"யாரு?"

இவரு வலது கையத் தூக்கிக் காட்டினாரு. பூசாரிக்கு ஒண்ணும் புரியல, விபூதியக் குடுத்தாரு. இவரு அத வாங்கி நெத்தியில இட்டுக்கல. தொரைகிட்ட கையோட நீட்டி, "நீ பூசி வுடு தொரை"ன்னாரு. தொரை விபூதிய எடுத்து அந்தக் கையில, விரலுலேர்ந்து முழங்கை வரைக்கும் பொறுமையாப் பூசி வுட்டான். பூசும்போது அவனுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. நான் வேற பக்கம் திரும்பிக்கிட்டேன்.

வெளிய வந்தா தொரை செருப்பு இருக்குது, என் செருப்பு இருக்குது, இவரு செருப்பைக் காணோம். போன பொங்கலுக்கு வாங்கினது. வாழ்க்கையில ஒரே ஒரு நாளு ஜோடியா வுட்டாரு, அன்னைக்குன்னு போச்சு. செத்தோம், இனிமே இந்த மனுசன் யாரையாவது நம்புவாரான்னு நெனச்சேன். தொரைக்கு வந்துச்சே கோவம். "எந்தத் திருட்டுப் பய எடுத்தான்? அந்தப் பூசணிக்காக் கடைக்கிட்ட நிக்கிறான் பாரு, அவன் அப்பவே முழிச்சான்"னு கை நீட்டிக்கிட்டு கெளம்பிட்டான்.

இவரு அவன் தோளைப் புடிச்சு நிறுத்தினாரு. விபூதி பூசின கை.

"வுடு தொரை. தன்னுதுன்னு நெனச்சு யாராச்சும் தெரியாம மாட்டிக்கிட்டுப் போயிருப்பாங்க."

நான் அவரு மூஞ்சியவே பாத்தேன். வெளையாட்டுக்குச் சொல்லல. அத்தனை நாளா என் நெஞ்சுல இருந்த கோவம் அப்பதான் போச்சு, தோடு ஒரசின கோவத்தைத் தவுர. பங்குனி வெயில்ல ரோடு கொதிக்குது, அவரு வெறுங்காலோட புளியமரத்து நெழலைப் பாத்து ஓடி ஓடி நடந்தாரு. தொரை தன் செருப்பைக் கழட்டிக் குடுத்தான், வேணாம்னுட்டாரு. அவனும் மாட்டிக்கல, கையிலயே தூக்கிக்கிட்டான். நானும் என்னுதைக் கழட்டிக்கிட்டேன். அப்படியே மூணு பேரும் வெறுங்காலோட வூடு வந்து சேந்தோம்.